ஜப்பானில் கேப்சூல் ஹோட்டலில் தங்குவது எப்படி: முன்பதிவு முதல் மறுநாள் செருப்பு மாட்டும் வரை

அறை என்றால் நமக்குக் கட்டில், அலமாரி, குளியலறை, மேசை எல்லாம் ஒரே கதவுக்குள் இருக்க வேண்டும். ஓர் ஆள் படுக்கும் அளவுப் பொந்துகளை அடுக்கிவைத்த கேப்சூல் ஹோட்டலில் இவை கட்டடம் முழுக்கப் பிரிந்து கிடக்கும். படுக்கை ஆறாம் மாடியில், லாக்கர் மூன்றாம் மாடியில், குளியல் இரண்டாம் மாடியில், சாப்பிடும் இடம் கீழ்த்தளத்தில். படுக்கும் பொந்து சின்னது என்று பயந்துகொண்டு வருகிறவர்கள் அதற்குள் நன்றாகவே தூங்கிவிடுகிறார்கள். அவர்கள் திணறுவது வேறிடத்தில்: கையில் சோப்போடு சாப்பாட்டு மாடியில், சார்ஜரோடு குளியல் வாசலில்.

வேலை விஷயமாகப் போய்வந்ததில் டோக்கியோ, ஒசாகா இரண்டிலும் சேர்த்து இருபது இரவுக்கு மேல் இப்படிப் படுத்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், நண்பர்கள் சிலரையும் கூட்டிப்போயிருக்கிறேன். எதை எப்போது செய்வது என்ற வரிசை பிடிபட்டால் பாதிச் சிரமம் தீர்ந்தது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. உங்களுக்கு இது ஒத்துவருமா?

கேப்சூல் என்பது ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். நம்ம ரயில் பெர்த்தைவிட அகலம், உட்காரலாம், நிற்க முடியாது. இரண்டு அடுக்காக வரிசையாக இருக்கும். வாயில் கதவு கிடையாது. சுருட்டி இறக்கும் திரை மட்டும்தான்.

ஆகவே பூட்டும் கிடையாது. சட்டப்படி இது தனி அறை அல்ல, பலர் சேர்ந்து தங்கும் எளிய விடுதி. அதனால் படுக்கையைப் பூட்ட விடமாட்டார்கள். ‘பூட்டு இல்லாமல் எப்படித் தூங்குவது’ என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறவர் என்றால் வேறு இடம் பாருங்கள். சமாதானம் சொல்லித் தூங்க வைக்க முடியாது.

அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள், இரவில் மூச்சுக்கருவி மாட்டித் தூங்குகிறவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. ஆறடிக்கு மேல் உயரமானவர்கள் குறுக்கிப் படுக்கத் தயாராக வாருங்கள்.

கணவன் மனைவி சேர்ந்து தங்க முடியாது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மாடி, பல இடங்களில் லிஃப்ட்கூடத் தனி. குழந்தைகளை அநேகமாக அனுமதிப்பதில்லை. தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி, ஆளுக்கொரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றதை நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

2. முன்பதிவில் மூன்று கண்ணிகள்

முதல் கண்ணி, ஆணா பெண்ணா என்பது. பல கேப்சூல் ஹோட்டல்கள் ஆண்களுக்கு மட்டும். இணையதளத்தில் படம் அழகாக இருக்கும், அந்த வரி எங்கோ அடியில் கிடக்கும். பெண்கள் முதலில் தேட வேண்டியது விலையை அல்ல, ‘பெண்கள் மாடி உண்டு’ என்ற வரியைத்தான். உண்டு என்றால், அந்த மாடிக்குத் தனிக் குளியல் இருக்கிறதா, வெறும் ஷவர் மட்டும்தானா என்பதையும் பாருங்கள். இரண்டும் ஒரே விலைக்கு விற்கப்படுவதுண்டு.

இரண்டாவது, தேதி. 15ஆம் தேதி அதிகாலை 1 மணிக்குப் போய்ச் சேர்வீர்கள் என்றால், நீங்கள் பதிய வேண்டியது 14ஆம் தேதி இரவு. ஜப்பானில் செக்-இன் நேரத்தை ‘25:00 வரை’, ‘26:00 வரை’ என்றும் எழுதுவார்கள். அச்சுப்பிழை இல்லை. 25:00 என்றால் நள்ளிரவு தாண்டி 1 மணி, அதாவது அதுவும் முந்தைய நாளின் கணக்கிலேயே சேர்கிறது. தாமதமாக வரும் விமானத்தில் இறங்குகிறவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

மூன்றாவது, பெயர். இது நமக்கே உரிய தொல்லை. அங்கே ரிசப்ஷனில் குடும்பப்பெயரை வைத்துத்தான் தேடுவார்கள். நமக்கோ இனிஷியல். அந்த இனிஷியல் பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்து குடும்பப்பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலி. பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறதோ அதையே அப்படியே நிரப்புங்கள். பதிவு எண்ணையும் திரையில் எடுத்துத் தயாராக வைத்திருங்கள். பெயர் சிக்கினாலும் எண் காப்பாற்றும்.

விலை சாதாரண நாளில் பெரும்பாலும் 3,000 முதல் 6,000 யென். வெள்ளி, சனி இரவுகளில் ஏறும். செர்ரி பூக்கும் காலம், ஏப்ரல் கடைசியில் தொடங்கும் ‘கோல்டன் வீக்’ விடுமுறை வாரம், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் விடுமுறை ஆகியவற்றில் நல்ல அறையே கிடைக்கும் அளவுக்குப் போய்விடும். அப்போது கேப்சூலைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம்.

பதியும்போது தேர்வு கொடுத்தால் கீழ் அடுக்கைக் கேளுங்கள். மேல் அடுக்கில் அமைதி கொஞ்சம் கூடுதல், ஆனால் சின்ன ஏணியில் ஏற வேண்டும். இரவில் இரண்டு முறை எழுந்து போகிறவருக்கு அது வேண்டாத வேலை. திறப்பு நீளப் பக்கத்தில் இருக்கும் வகையா, தலைப்பக்கம் இருக்கும் வகையா என்றும் படத்தில் பாருங்கள். முதல் வகை சைடு பெர்த் மாதிரி, சுலபமாக உருண்டு உள்ளே போகலாம். இரண்டாவதில் தவழ்ந்து நுழைந்து உள்ளேயே திரும்ப வேண்டும்.

3. பெரிய பெட்டியை முதலில் கைகழுவுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். லாக்கர் உயரமாக, ஒல்லியாக இருக்கும்; ஒரு கோட்டும் ஒரு முதுகுப்பையும் போகும். அலுவலகம் முடிந்து கடைசி ரயிலை விட்டவர் கைப்பையோடு வந்து படுக்கும் இடம் என்ற கணக்கில் செய்தது அது. 23 கிலோ சூட்கேஸ் அதன் கணக்கிலேயே இல்லை.

பெட்டியைப் பொந்துக்குள்ளும் வைக்க முடியாது, நடைபாதையிலும் விடமாட்டார்கள். தீ பிடித்தால் ஓடும் வழி அது. சில இடங்களில் ரிசப்ஷன் பக்கத்தில் கம்பிச் சங்கிலியோடு ஓர் இடம் இருக்கும். அங்கே விட்டால், ஒவ்வொரு ஜோடி உடைக்கும் கீழே இறங்கி வந்து எல்லோர் முன்னாலும் பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

சிறந்த வழி, பெட்டியை உங்களுக்கு முன்பே அனுப்பிவிடுவது. ‘தக்யூபின்’ என்ற பொதி அனுப்பும் சேவை ஜப்பானில் எங்கும் உண்டு. கறுப்புப் பூனை குட்டியைக் கவ்விக்கொண்டிருக்கும் சின்னம் பார்த்திருப்பீர்கள். விமான நிலையத்திலிருந்தோ முந்தைய விடுதியிலிருந்தோ, அடுத்து நீங்கள் தங்கப்போகும் ஹோட்டலுக்கு அனுப்பலாம். டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்குப் பொதுவாக மறுநாள் போய்ச் சேரும். பெட்டி உங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்தால் வாங்கி வைப்பார்களா என்று அந்த ஹோட்டலிடம் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அது முடியாவிட்டால் ரயில் நிலையத்து நாணய லாக்கர். பெரிய அளவு லாக்கர்கள் காலையிலேயே நிரம்பிவிடும். மாலை ஏழு மணிக்கு டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்தில் காலி லாக்கர் தேடி அலைவது தனியாக எழுத வேண்டிய சோகம்.

4. மூன்று பைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

பெட்டி போனதும் கையில் இருப்பது முதுகுப்பை ஒன்றுதான். அதற்குள் சாமானை முன்கூட்டியே மூன்று சிறு துணிப்பைகளாகப் பிரியுங்கள். மஞ்சப்பை போதும். பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

குளியல் பை: மாற்று உள்ளாடை, சீப்பு, முகத்துக்குப் போடும் கிரீம். ஷாம்பு, சோப்பு, துண்டு, பல் துலக்கும் பிரஷ், இரவு உடுப்பு எல்லாம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். துண்டுக்குக் காசு வாங்கும் இடங்களும் உண்டு என்பதால் பதியும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

படுக்கைப் பை: போன், சார்ஜர், இயர்போன், காதடைப்பான், கண்பட்டி, மூக்குக்கண்ணாடிக் கூடு, மாத்திரை, தண்ணீர் பாட்டில்.

காலைப் பை: மறுநாள் உடுப்பு முழுவதும், ஒரே மடிப்பாக.

ஒவ்வொரு பையும் ஒவ்வொரு மாடிக்கு. இதுதான் நான் சொல்லவந்ததன் சாரம் என்றால்கூடத் தப்பில்லை.

பிளக் விஷயம்: ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், பிளக்கில் இரண்டு தட்டைக் கம்பிகள். நம் உருண்டைக் கம்பி பிளக் நுழையாது. போன், மடிக்கணினி சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை, ஆகவே பிளக் அடாப்டர் மட்டும் போதும். ஊரிலிருந்து மின்கெட்டில் கொண்டுவராதீர்கள். 100 வோல்ட்டில் அது தண்ணீரை வெதுவெதுப்பாக்கவே அரை இரவு எடுக்கும், அதுவுமில்லாமல் கேப்சூலுக்குள் அதை வைக்கவே கூடாது.

5. வாசலில்: செருப்பு, சாவி, பாஸ்போர்ட்

நுழைந்ததும் தரை ஒரு படி உயரும். அந்தப் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையோடு மேலே ஏற வேண்டும். கழற்றிய செருப்பைச் செருப்பு லாக்கரில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுங்கள். கயிறு கட்டும் ஷூவைவிட மாட்டும் செருப்பு நல்லது. இந்த வாசலில் குனிந்து நிமிர்வதே ஒரு நாளைக்கு நாலைந்து முறை நடக்கும். ஓட்டையில்லாத காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பல ஹோட்டல்களில் அந்தச் செருப்புச் சாவியை ரிசப்ஷனில் வாங்கிக்கொண்டு, படுக்கை எண் போட்ட லாக்கர் சாவியைத் தருவார்கள். செருப்பு அவர்கள் பிடியில் இருக்கும்வரை நீங்கள் கணக்குத் தீர்க்காமல் போக மாட்டீர்கள் என்ற தந்திரம். யார் உள்ளே, யார் வெளியே என்பதும் அவர்களுக்குத் தெரியும். ‘என் ஷூவை ஏன் பிடித்து வைக்கிறார்கள்’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். என் சித்தப்பா ஒருவர் போனார்.

ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவர் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், அவர்கள் நகல் எடுத்துக்கொள்வார்கள். இது அரசின் விதி. போனில் இருக்கும் படம் செல்லாது. பணம் முன்கூட்டியே கட்ட வேண்டியிருக்கும். சில நகரங்களில் தங்கும் வரி தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று அல்ல. இதற்கும் துணி துவைக்கும் எந்திரத்துக்கும் சேர்த்து 100 யென் நாணயம் நாலைந்து பையில் இருக்கட்டும்.

இந்த நேரத்திலேயே மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: குளியல் எத்தனை மணிவரை, வெளியே போய்வரலாமா, காலை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும். பிறகு கேட்க வேண்டுமென்றால் இரவு உடுப்போடு கீழே இறங்கி வர வேண்டும். அப்படி வருவதை அங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லைதான், நமக்குத்தான் கூச்சம்.

6. லாக்கர் முன்னால் முதல் கால் மணி நேரம்

நேராகப் பொந்தைப் பார்க்க ஓடாதீர்கள். முதலில் லாக்கர். வெளி உடுப்பை முழுக்க மாற்றி அவர்கள் தரும் இரவு உடுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே எல்லோரும் அதே உடுப்பில்தான் உலாவுவார்கள்.

அந்த உடுப்பு முன்னால் மடித்துக் கட்டும் வகையாக இருந்தால், உங்கள் இடது பக்கம் மேலே வர வேண்டும். வலது மேலே வந்தால் அது இறந்தவருக்குக் கட்டும் முறை. யாரும் திட்டமாட்டார்கள், ஆனால் வயதானவர் யாராவது பதறிப்போய் ஓடிவந்து திருத்துவார்.

பாஸ்போர்ட், பணம், நகை லாக்கரில். குளியல் பை மட்டும் வெளியே, படுக்கைப் பை இப்போதைக்கு உள்ளே. காலைப் பை லாக்கரின் முன்பக்கம், கை வைத்ததும் கிடைக்கும்படி. பூட்டிவிட்டுச் சாவியை மணிக்கட்டில் மாட்டுங்கள். அது பெரும்பாலும் சுருள் வளையத்தோடுதான் வரும். இனி மறுநாள் வரை அதைக் கழற்ற வேண்டாம், குளிக்கும்போதும்தான்.

7. குளிப்பதற்கு முன் சாப்பிட்டுவிடுங்கள்

குளித்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்று நினைத்தால், வெந்நீரில் ஊறிய உடம்பு திரும்ப வெளியே போகச் சம்மதிக்காது. மேலும் உடுப்பு மாற்றி, செருப்புச் சாவி வாங்கி என்று மறுபடி முழு வட்டம். ஆகவே ஹோட்டலுக்கு வரும் வழியிலேயே சாப்பிடுங்கள், அல்லது வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கேப்சூலுக்குள் சாப்பிடக் கூடாது. பொது லவுஞ்சில்தான். அங்கே வெந்நீர் எந்திரம் பெரும்பாலும் இருக்கும். வெந்நீர் ஊற்றினால் ஆகிற அவல் உப்புமாப் பொட்டலம் சைவக்காரர்களைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. ஜப்பானியக் கடைச் சாப்பாட்டில் காய்கறி போலத் தெரிவதிலும் மீன் சாறு இருப்பது சகஜம். ஆனால் ஊறுகாயை லவுஞ்சிலேயே திறந்து அங்கேயே மூடிவிடுங்கள். பூண்டு ஊறுகாய் வாசனை காற்றுப்போக்கி வழியாக மாடி முழுக்கப் போகும்.

8. குளியல்: எல்லோரும் தடுமாறும் இடம்

பொதுக் குளியலுக்குள் உடை எதுவும் இல்லாமல்தான் போக வேண்டும். ஜட்டி கூடாது, இடுப்புத் துண்டோடு தொட்டியில் இறங்கவும் கூடாது. ஆற்றங்கரையில் கோவணத்தோடும், குற்றாலத்தில் லுங்கியோடும் குளித்துப் பழகிய நமக்கு முதல் ஐந்து நிமிடம் கஷ்டம்தான். ஆறாவது நிமிடத்தில் ஒன்று புரியும்: யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

முடியவே முடியாது என்றால் தனி ஷவர் அறை இருக்கும் ஹோட்டலாகப் பதியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜப்பானியர்களிலேயே அப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

வாசல் திரையைப் பார்த்து நுழையுங்கள். நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு என்பது வழக்கம். சில இடங்களில் இரவும் காலையும் இரண்டு குளியலறைகளையும் மாற்றிவிடுவார்கள். ‘நேற்று இடது பக்கம்தானே போனோம்’ என்று தூக்கக் கலக்கத்தில் நுழைந்துவிடாதீர்கள்.

உடை மாற்றும் இடத்தில் கூடை இருக்கும். உடுப்பை அதில் போட்டு, கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிதான சின்னத் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். பெரிய துண்டு கூடையிலேயே இருக்கட்டும். போன் எடுத்துக்கொண்டு அங்கே போகவே கூடாது. படம் எடுக்கிறாயா என்ற சந்தேகம் ஒன்று போதும்.

இப்போது முக்கியமான வரிசை. தொட்டி அழைக்கும், போகாதீர்கள். சுவரோரம் வரிசையாகக் குட்டை முக்காலிகள், ஒவ்வொன்றுக்கும் குழாய், கைஷவர், சோப்பு, ஷாம்பு இருக்கும். உட்கார்ந்து (நின்றால் பக்கத்தில் இருப்பவர்மேல் தெறிக்கும்) தலை முதல் கால்வரை தேய்த்துக் குளியுங்கள். நுரை ஒரு பொட்டுகூட இல்லாமல் அலசுங்கள். முக்காலியையும் கழுவி வையுங்கள். அதற்குப் பிறகுதான் தொட்டி.

காரணம் எளிது. தொட்டியில் இருப்பது எல்லோருக்கும் பொதுவான ஒரே நீர். அது குளிக்கும் இடம் அல்ல, ஊறும் இடம். கோயில் குளத்தில் சோப்புப் போடாதே என்று எழுதியிருப்பார்களே, அதே நியாயம். தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இரண்டு முறை ஷாம்பு போடுங்கள். எண்ணெய் நீரில் மிதந்தால் யார் வேலை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீளமுடியைத் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், நீரில் படக் கூடாது. சின்னத் துண்டும் நீரில் படக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வது அதனால்தான்.

தொட்டி நீர் 40 முதல் 42 டிகிரி இருக்கும். நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு என்ற மிதப்பில் அரை மணி ஊறி, எழுந்ததும் தலைசுற்றி உட்கார்ந்தவர்கள் உண்டு. முதல் முறை ஐந்து நிமிடம், எழுந்து ஆறி, வேண்டுமானால் மறுபடி. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் சுருக்கமாக. குடித்துவிட்டு இறங்கவே கூடாது.

பச்சை குத்தியிருந்தால் பல இடங்களில் அனுமதி இல்லை. ரவுடிக் கும்பல்களின் அடையாளமாகப் பச்சையைப் பார்த்த பழக்கம் அது. கையில் அம்மா பெயர்தான் இருக்கிறது என்றாலும் அதே விதி. சின்னதாக இருந்தால் தோல்நிறப் பட்டி ஒட்டி மறைக்கச் சொல்வார்கள், அதையும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: வெந்நீர் ஊற்றுத் தண்ணீர் என்று போட்டிருந்தால் வெள்ளி அரைஞாண், கொலுசு, மெட்டியைக் கழற்றி வையுங்கள். கந்தகம் கலந்த நீர் வெள்ளியைக் கறுக்கடித்துவிடும்.

வெளியே வரும் முன், அந்தச் சின்னத் துண்டைப் பிழிந்து உடம்பை ஒற்றிக்கொண்டுதான் உடை மாற்றும் இடத்தில் கால்வைக்க வேண்டும். சொட்டச் சொட்ட வருவது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் தப்பு. தரை நனைந்தால் பின்னால் வருகிறவரின் காலுறை நனையும்.

கூட்டம் இல்லாத நேரம் வேண்டுமென்றால் இரவு எட்டு மணிக்கு முன்னால், இல்லையென்றால் பன்னிரண்டுக்குப் பின்னால் போங்கள். நான் போன இடங்களில் பத்து மணிதான் உச்சம்.

9. பொந்துக்குள்

குளித்துவிட்டு லாக்கரில் குளியல் பையை வைத்து, படுக்கைப் பையை எடுத்துக்கொண்டு மேலே போங்கள். ஈரத்துண்டு இருந்தால் அதற்கான கூடையில் போட்டுவிடுங்கள். அதைப் பொந்துக்குள் கொண்டுபோனால் விடியும்வரை ஈர வாடை.

உள்ளே விளக்கு, காற்றுப்போக்கி, அலாரம் இவற்றின் பொத்தான்கள் ஒரே பலகையில் இருக்கும். சில இடங்களில் தொலைக்காட்சியும் உண்டு. திரையை இறக்கும் முன்னால் ஒவ்வொன்றையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விளக்கை அணைத்தபிறகு இருட்டில் தடவி அலாரத்தை அழுத்திவிட்டு, அதை நிறுத்தத் தெரியாமல் முழித்த அனுபவம் எனக்கு உண்டு. முப்பது பேர் ‘உச்’ கொட்டியது இன்னும் காதில் கேட்கிறது.

தனி ஏசி கிடையாது, மாடி முழுக்கப் பொது. உங்கள் உடம்புச் சூட்டிலேயே பொந்து சீக்கிரம் வெதுவெதுப்பாகிவிடும். காற்றுப்போக்கியை ஓட விடுங்கள், போர்வையைக் கால்பக்கம் தள்ளி வையுங்கள். வெப்பம் தாங்கவில்லை என்றால் திரையை ஒரு சாண் தூக்கிவிடலாம்.

போன், கண்ணாடி, தண்ணீர் மூன்றுக்கும் நிரந்தரமாக ஒரு மூலை ஒதுக்குங்கள். உருண்டு படுக்கும்போது கண்ணாடி நொறுங்குவது இங்கே வெகு சுலபம்.

படுக்கும் முன் அவசர வழி எந்தப் பக்கம் என்று ஒரு முறை நடந்து பாருங்கள். இருட்டில் எல்லாப் பொந்தும் ஒரே மாதிரி இருக்கும். நிலநடுக்க எச்சரிக்கை வந்தால் மாடியிலுள்ள எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அலறும். தலையணையால் தலையை மூடிக்கொண்டு ஆட்டம் நிற்கும்வரை படுத்திருங்கள், பிறகு ஊழியர் சொல்படி நடங்கள். தீ, ஆம்புலன்சுக்கு 119, போலீசுக்கு 110.

10. இரவில் சத்தம்

பிளாஸ்டிக் பை வேண்டாம் என்றேனே, இதற்குத்தான். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் பையின் சரசரப்பு மாடி முழுக்கக் கேட்கும். ஜிப்பும் அப்படியே. மாத்திரை அட்டையை முன்கூட்டியே பிய்த்து, வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அலாரம் ஒலி கூடாது. அதிர்வு மட்டும், போனைத் தலையணைக்கு அடியில் வைத்து. போனில் பேச வேண்டுமென்றால் லவுஞ்சுக்கு இறங்கிப் போங்கள். இந்தியாவில் அப்போது மூன்றரை மணி நேரம் பின்னால், ஆகவே நீங்கள் படுக்கும் பத்தரை மணிக்கு வீட்டில் இரவு ஏழு. எல்லோரும் கூப்பிடும் நேரம் அதுதான். முன்பே சொல்லி வையுங்கள்.

குறட்டைக்கு மருந்தில்லை, உங்களுடையதானாலும் பக்கத்தில் இருப்பவருடையதானாலும். காதடைப்பான் மட்டும்தான். ரிசப்ஷனில் கேட்டால் சில இடங்களில் கொடுப்பார்கள்.

கழிப்பறைக்கு எழுந்தால் சாவி கையில் இருக்கிறதா, உங்கள் பொந்து எண் என்ன என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள். கழிப்பறை வாசலில் தனிச் செருப்பு இருந்தால் அதை மாட்டி, வெளியே வரும்போது அங்கேயே விட்டு வர வேண்டும். அதோடேயே படுக்கை வரை நடந்து வருவது புதியவர்களின் முத்திரைத் தப்பு. ஒரு நல்ல சேதி: தண்ணீர் பீய்ச்சும் கழிப்பறைதான் பெரும்பாலும். ஐரோப்பா போய்க் காகிதத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

11. காலை

கிளம்ப வேண்டிய நேரம் பெரும்பாலும் 10 மணி. சில இடங்களில் ஒன்பது மணிக்கே ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். தாமதித்தால் மணிக்கணக்கில் கூடுதல் கட்டணம் போடுவார்கள், ‘ஐந்து நிமிடம்தானே’ என்பது அங்கே எடுபடாது.

வரிசை இது: பொந்திலிருந்து எல்லாவற்றையும் படுக்கைப் பையில் போடுங்கள், தலையணைக்கு அடியில், மெத்தை ஓரத்தில் கைவிட்டுத் துழாவுங்கள். சார்ஜர்தான் அதிகம் தொலைகிறது. அப்புறம் முகம் கழுவுமிடம், கடைசியாக லாக்கரில் உடை மாற்றம். உடை மாற்றிவிட்டு மறுபடி பொந்துக்கு ஏறாதபடி அமைத்துக்கொள்ளுங்கள். ஏழரை எட்டு மணிக்கு முகம் கழுவும் கண்ணாடிகள் முன்னால் நெரிசல் இருக்கும், அரை மணி முன்னால் எழுந்தால் நிம்மதி.

இரவு உடுப்பு, துண்டு எல்லாவற்றையும் அதற்கான கூடையில் போட்டுவிட்டு இறங்குங்கள்.

12. இரண்டாம் இரவும் அங்கேயே என்றால்

இரண்டு இரவு பதிந்திருந்தாலும் பல இடங்களில் இடையில் முழுக்க வெளியேற வேண்டும். காலை 10 முதல் மதியம் 2 அல்லது 3 மணிவரை சுத்தம் செய்வார்கள், படுக்கை எண்கூட மாறலாம். உள்ளே கிடந்து பகல் தூக்கம் போடலாம் என்று திட்டமிட்டு வந்த ஒரு நண்பர், மழையில் பூங்கா நிழற்குடையின் கீழ் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். காய்ச்சலோடு தங்க இது ஏற்ற இடமல்ல என்பதும் இதனால்தான்.

முதுகுப்பையைப் பகலில் ரிசப்ஷனில் விட முடியுமா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் முடியும், கையில் ஒரு சீட்டு தருவார்கள்.

கடைசியாக வாசல். லாக்கர் சாவியைக் கொடுத்து, செருப்புச் சாவியை வாங்கி, செருப்பை மாட்டிக்கொள்ளுங்கள். மழை நாளில் வந்திருந்தால் பக்கத்தில் குடைகளைப் பூட்டும் கம்பித்தாங்கி இருக்கும், அதற்கும் ஒரு குட்டிச் சாவி. நேற்று இரவு அதைக் கால்சட்டைப் பையில் போட்டீர்கள். அந்தக் கால்சட்டை இப்போது மூன்று பைகளில் எதற்குள் இருக்கிறது என்று, படியில் உட்கார்ந்து தேட ஆரம்பியுங்கள்.